ஓடையோடு அரை ஏக்கர்

குடை என் கையில்தான் இருந்தது. நனைந்தது என் மனைவி செண்பகம். குடையைப் பிடித்திருந்த அதே கையால் நான் எதிரே இருந்த ஓடையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"பாரு, பாரு... கல்லைத் தொட்டதும் தண்ணி எப்படித் திரும்புது பாரு!"

"பாக்கேன். குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க."

ஒரு ஜூலை ஞாயிறு. புனேக்கு வெளியே, பௌட் என்ற ஊரைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண் ரோடு முடிந்து, ரோடு என்று மரியாதைக்காகச் சொல்லத்தக்க எல்லாமே முடிந்த இடம். பின்னால் கருநீல மலை. மலையின் மேல் நூல் நூலாக ஐந்து அருவிகள். முன்னால் இருபது குண்டா நிலம். இந்தப் பக்கம் நிலத்தைக் குண்டாவில்தான் அளப்பார்கள். நாற்பது குண்டா ஓர் ஏக்கர், ஆக இது அரை ஏக்கர். நடுவில் ஓடு வேய்ந்த வீடு. வீட்டுக்கும் வேலிக்கும் இடையே, என்னைப் பார்த்துவிட்டுப் போகத்தான் மலையிறங்கி வந்ததுபோல, ஓர் ஓடை.

காரை விட்டு இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். இதுதான் வீடு. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

செண்பகம் மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அம்பாசமுத்திரம். புனேயில் இருபத்தாறு வருடம் இருந்தும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இது பத்தாவது வீடு. நீங்க சொன்னா வாரேன். ஆனா இதோட சரி. இதுக்கப்புறம் நான் பெட்டி கட்ட மாட்டேன். பதினொண்ணாவது வீட்டுக்கு நீங்க மட்டும்தான் போவணும்."

புனே நகருக்குள், ஔந்தில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டை விற்றால்தான் இதை வாங்க முடியும். அதாவது பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக இடம் இருக்காது. அவள் சொன்னது எச்சரிக்கை. நானோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வளைவில் தண்ணீர் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்பது வீடுகள்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் கால்களைப் பற்றி ஏற்கெனவே தெரியும். அவை ஓரிடத்தில் நிற்காது. அதற்கு நான் வைத்திருக்கும் கௌரவமான பெயர் தேடல். செண்பகம் வைத்திருக்கும் பெயரை இந்த வார இதழில் அச்சிட மாட்டார்கள்.

புனேக்கு வந்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 'இந்தப் பொத்தானை அழுத்தவும்' வகைக் கையேடுகள் எழுதுவேன். பகலில் பொத்தான், மாலையில் வசன கவிதை. செண்பகம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதல் வீடு நிக்டியில். தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பு. எல்லாக் கட்டடமும் ஒரே உயரம், ஒரே மஞ்சள், ஒரே படிக்கட்டு.

வந்த இரண்டாம் வாரம், ஒரு வரியை மனத்தில் உருட்டியபடியே வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். டி.வி.யைப் போட்டேன். ஒரு கை தண்ணீர் டம்ளரை நீட்டியது. குடித்துவிட்டு, "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டபடி நிமிர்ந்தால், ஒன்பது கஜப் புடவையில் ஒரு மராத்தி அம்மாள். அடுத்த பிளாக். வீட்டுக்கு வந்தவன் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் யார் என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்த வழக்கம்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

அன்றே சொல்லிவிட்டேன், எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் ஒரு கவிஞன் வாழ முடியாது என்று. செண்பகம் முதல் பெட்டியைக் கட்டினாள்.

மூன்றாவது வீட்டில் வெயில் அதிகம். ஐந்தாவதில் பக்கத்து வீட்டு குக்கர் என் வரிகளின் நடுவே விசிலடித்தது. ஆறாவதில் வானமே இல்லை. ஏழாவதில் வானம் மட்டும்தான் இருந்தது, லிஃப்ட் இல்லை. ஒன்பதாவதுதான் ஔந்த். மூன்றாம் மாடி, சொந்த வீடு, பன்னிரண்டு வருடம். சொந்தமாகிவிட்டதால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. அதனால் கால்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிளம்பின.

எங்கள் மகள் பெங்களூரில் இருக்கிறாள். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவாள், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தொடரையே எழுதுகிறேன். ஒருமுறை ஃபோனில் சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு வீடு வேணாம்ப்பா. உங்களுக்கு... வாட்ஸ் த வேர்ட்... வீடு பாக்கறது, அது மட்டும்தான் வேணும்."

தமிழ் சரியாக வராத பிள்ளைகளிடம் உள்ள ஆபத்து இது. சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

மழைக்கால மாப்பிள்ளைகள்

புனேவின் ஃப்ளாட்வாசிகளுக்கு ஒரு பருவ நோய் உண்டு. மழை பிடித்து, மலை பச்சையானதும், ஞாயிறு காலையில் குடும்பத்தோடு காரில் ஏறி நிலம் பார்க்கக் கிளம்புவார்கள். முள்ஷி பக்கம், தளேகாவ் பக்கம், வேல்ஹே பக்கம். வழியில் சுட்ட சோளம், வெங்காய பஜ்ஜி, இஞ்சி டீ. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஏஜெண்டுகளுக்கு உட்கார நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அலங்காரம் செய்த நாளில் மட்டும் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள் நாங்கள்.

ஏஜெண்டுகளின் மொழியே தனி. 'ரிவர் டச்' என்றால் வெள்ளம் வந்தால் ஆறு வீட்டைத் தொடும். 'ஹைவேயிலிருந்து பத்து நிமிஷம்' என்றால், யாருமே ரோட்டுக்கு வராத ஒரு நாளில், ஏஜெண்ட் ஓட்டினால். 'ஃப்யூச்சர்ல நல்லா வரும்' என்றால் இப்போது எதுவும் இல்லை.

பத்து மழைக்காலங்களில் நான் நிராகரித்த நிலங்களின் காரணங்களைக் கேட்டால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். ஒன்றில் மலை ரொம்பக் கிட்டே நின்றது, மரியாதை இல்லாமல். ஒன்றில் மரங்கள் வரிசையாக நின்றன, பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஒன்று எல்லாமே பிடித்திருந்தது; ஏஜெண்டின் ரிங்டோன் பிடிக்கவில்லை.

தண்ணீர் வருமா, கரண்ட் நிற்குமா, பாம்பு உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதையெல்லாம் செண்பகம் கேட்பாள். அந்த நேரத்தில் நான் தள்ளி நின்று பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நீங்க நிலத்தையா பாக்கிய? மழையைத்தான் பாக்கிய" என்று அவள் ஒருமுறை சொன்னாள். அழகான வரி என்று குறித்து வைத்துக்கொண்டேன். பொருளைக் குறித்துக்கொள்ளவில்லை.

கதம் ஏன் விற்கிறார்

ஓடை வீட்டுக்காரரின் பெயர் கதம். ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிக்டியில் இருந்த வீட்டை விற்று, இங்கே நிலம் வாங்கி, தானே நின்று கட்டிய வீடு. அந்த ஜூலை ஞாயிறு, "யா, யா சாஹேப்" என்று வாசலுக்கு ஓடிவந்து வரவேற்றார். அவர் மனைவி துண்டு கொடுத்தார், டீ கொடுத்தார். நாங்கள் பேசியது இந்தியும் மராத்தியும் கலந்து. என் தமிழில் தருகிறேன்.

செண்பகம் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "இவ்வளவு நல்ல இடம். ஏன் விக்கிறீங்க?"

கதம் அவளை 'வஹினி' என்றார். அண்ணி என்று பொருள்.

"வஹினி, முப்பது வருஷம் மெஷின் சத்தத்துல நின்னவன் நான். ரிட்டயர் ஆனா அமைதியா உக்காரணும்னு ஆசை. வந்தோம். முதல் வருஷம் நான் உக்காந்து அமைதியைப் பாத்தேன். இப்போ அமைதி உக்காந்து என்னைப் பாக்குது."

"நிக்டியில வாசல்ல நின்னா நாலு பேர் 'சாப்பிட்டாச்சா'ன்னு கேப்பாங்க" என்றார் அவர் மனைவி. "இங்க இவர் ஒருத்தர்தான் கேக்கறார். அதுவும் எனக்காக இல்ல, தட்டு வைக்கறதுக்காக."

அவர்களுக்கு மறுபடி நிக்டியில் ஒரு ஃப்ளாட் வேண்டும். பால்கனி இருந்தால் போதும். ரோட்டைப் பார்த்த பால்கனி.

இதையெல்லாம் நான் கேட்கவில்லை. நான் வெளியே குந்தி உட்கார்ந்து ஓடையின் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். திரும்பும்போது காரில் செண்பகம்தான் சொன்னாள்.

"அவர் ஃபேக்டரி ஆள்" என்றேன். "நான் எழுதறவன். எனக்கு அமைதி வேற."

"எப்பிடி வேற?"

"அவருக்கு அமைதின்னா சத்தம் இல்லாதது, அவ்வளவுதான். எனக்கு அமைதின்னா..."

"ம். உங்களுக்கு?"

"இரு, வரும்."

புனேயின் எல்லையான சாந்தினி சௌக் வந்தது. வாக்கியம் வரவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, கிளம்பும்போது, கதமின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காரியம் செய்திருந்தேன். "வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. பேப்பரெல்லாம் வக்கீல்கிட்ட காட்டிட்டு, அட்சய திருதியை அன்னிக்கு முடிச்சிடுவோம்." இந்த ஊரில் வீடு, நிலம் முடிப்பவர்கள் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். நடுவில் ஒன்பது மாதம். கதம் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஒன்பது மாதத்தில் நான் ஒருமுறைகூட அங்கே போகவில்லை. வக்கீல் பேப்பர் பார்த்தார். நான் ஓடையைப் பற்றி நான்கு வசன கவிதைகள் எழுதினேன். நான்கும் ஒரு சிறுபத்திரிகையில் வந்தன. 'தண்ணீரின் அருகிலேயே வாழ்பவரால்தான் இப்படி எழுத முடியும்' என்று கரூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அதை லேமினேட் செய்யலாமா என்றுகூட யோசித்தேன்.

எருமை என்னைப் பார்த்தது

அட்சய திருதியைக்குப் பத்து நாள் முன்னால், எனக்குத் தெரியாமல் செண்பகம் கதமுக்கு ஃபோன் செய்தாள். அவர்கள் ஒரு வாரம் நிக்டியில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். சாவியைக் கேட்டு வாங்கிவிட்டாள்.

"நாலு நாள் இருந்து பாத்துருவோம். சேலை எடுக்கப் போனாக்கூட ஒரு தடவை விரிச்சுப் பாக்கேன்."

சித்திரை வெயில். போய் இறங்கியதும் கூகுள் மேப் தவறான இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டது என்றேன். செண்பகம் கேட்டைத் திறந்தாள். மலை, அடுப்பில் மறந்துவிட்ட சப்பாத்தி நிறத்தில் இருந்தது. ஐந்து அருவிகள் இருந்த இடத்தில் ஐந்து கறுப்புக் கறைகள். புல்லெல்லாம் வைக்கோல். ஓடை இருந்த இடத்தில் கற்கள். கற்களுக்கு நடுவே ஓர் எருமை படுத்திருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில், என் நான்கு கவிதைகளையும் படித்து முடித்த களைப்பு தெரிந்தது.

"ஓடை எங்க?" என்றேன்.

"லீவுல போயிருக்கும். எங்க ஸ்கூல் மாதிரி. ஜூன்ல தொறப்பாவ."

உள்ளே குழாயைத் திறந்தால் இருமியது. மார்ச்சில் ஹோலி வந்தால் போர்வெல் வற்றிவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சுவரில் கதம் பென்சிலால் டேங்கர்காரர் நம்பரை எழுதி வைத்திருந்தார். சிக்னல் வீட்டுக்குள் கிடையாது; தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி, மேல் படியில் நின்றால் உண்டு. நின்றேன்.

"எங்க கொண்டு வரணும்?" என்றார் டேங்கர்காரர்.

"ஓடைக்குப் பக்கத்துல."

"எந்த ஓடை?"

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். கீழே நின்ற செண்பகம் படியேறி வந்து ஃபோனை வாங்கி, "கதம் வீடு" என்றாள். அரை மணியில் தண்ணீர் வந்தது.

இரண்டாம் நாள் காலை வராந்தாவில் நோட்டோடு உட்கார்ந்தேன். நான் ஆயுள் முழுக்கக் கேட்ட அமைதி. முதல் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் என் காதுக்குள்ளேயே ஏதோ இரைவது கேட்டது. ஒரு சருகு நகர்ந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பத்து மணிக்கு ஔந்தின் காய்கறி வண்டிக்காரரின் குரலுக்கு ஏங்கினேன். பதினொரு மணிக்கு, மேல் மாடியில் வருடம் முழுக்க யாரோ போடும் டிரில்லிங் மெஷினுக்கு ஏங்கினேன். பன்னிரண்டு மணிக்கு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வறண்ட ஓடையின் கரையில் உட்கார்ந்து, ஜூலையில் பதிவு செய்த ஓடையை ஃபோனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செண்பகம் துணி காயப்போட வந்தாள். பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னைக் கேலி செய்யாத ஒரே சந்தர்ப்பம் அதுதான், அதனாலேயே பயந்துபோனேன்.

மூன்றாம் நாள் பௌட் போகக் காரணங்கள் கண்டுபிடித்தேன். முதலில் தீப்பெட்டி. அப்புறம் தயிர். அப்புறம் மறுபடியும் தீப்பெட்டி. பஸ் ஸ்டாண்டில் ஹாரன்களுக்கும் கூச்சலுக்கும் நடுவே நின்று வடா பாவ் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போதே மூன்று வரி வந்தது. வடா பாவ் சுற்றிய காகிதத்திலேயே எழுதிக்கொண்டேன். அமைதிக்காக அரை ஏக்கர் வாங்க வந்தவனுக்கு, பஸ் ஸ்டாண்டில்தான் கவிதை வருகிறது. இதை யாரிடம் சொல்வது?

இஞ்ச் டேப்

திரும்பி வந்தபோது செண்பகம் சமையலறைச் சுவரை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். இந்த மூன்று நாளில் டேங்கர் எந்தெந்தக் கிழமை வரும், பௌட்டிலிருந்து கடைசி பஸ் எப்போது, எந்தக் கல்லுக்கடியில் பாம்பு குடியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிடித்துப்போய்ச் செய்கிற மாதிரி இல்லை. பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுபோல, தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"இந்தச் சுவத்துல ரெண்டு தட்டு அடிச்சிரலாம். நாளைக்கு நிக்டி போயி கதமைப் பாத்துப் பேசி முடிச்சிருவோம். என்ன?"

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "மழை வந்ததும் இன்னொரு தடவை பாத்துட்டு..."

டேப் சடக்கென்று சுருண்டு உள்ளே போனது.

"ஔந்த் வீட்டுல பன்னெண்டு வருஷம் இருக்கோம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அடுக்களையில ஒரு தட்டு அடிச்சிருக்கோமா? எப்பிடியும் போவப்போறோம்லா, எதுக்குன்னு சொன்னிய. மஞ்சப்பொடி டப்பாவைக்கூட பன்னெண்டு வருஷமா தரையில இருந்து குனிஞ்சு எடுக்கேன். எங்கப்பா படம் இன்னும் துணியில சுத்தி பீரோ மேல கெடக்கு. ஒரு ஆணி. ஒரே ஒரு ஆணி அடிக்க விட்டியளா?"

டேப்பை மேடை மேல் வைத்தாள்.

"எனக்கு அரை ஏக்கரும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். எங்க இருக்கப்போறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கயா, சரி, இங்க. டேங்கரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்துக்கிடுதேன். அங்கயா, அங்க. சொல்லுங்க."

பன்னிரண்டு வருடமாக அவள் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வண்டி இதோ வருகிறது, இதோ வருகிறது என்று ஒருவன் பக்கத்தில் நின்று கவிதை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"ஔந்த்" என்றேன்.

"நெசமா?"

"நெசமா. என்னால இங்க இருக்க முடியாது, செண்பகம். மூணாவது நாளே காது வலிக்குது."

அவள் சிரிக்கவில்லை. "கதமுக்கு நீங்கதான் ஃபோன் பண்ணணும். நான் பண்ண மாட்டேன்."

தொட்டிப் படிகளில் ஏறினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் நிக்டி முழுக்கக் கேட்டது: குக்கர் விசில், ஸ்கூட்டர் ஹாரன், யாரோ யாரையோ மாடியிலிருந்து கூப்பிடும் சத்தம்.

"எப்படி இருக்கு சாஹேப் நம்ம வீடு?" என்றார். 'நம்ம' என்றார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. நிச்சயமாக அழகாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"என் வீட்டுக்காரி இங்க பால்கனி பாத்து வச்சிட்டா சாஹேப்" என்றார். அப்புறம், "நீங்க வாக்கு குடுத்தீங்கன்னு மூணு பேரைத் திருப்பி அனுப்பினேன்."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு இந்தியில் ஒரு சொல், மராத்தியில் ஒரு சொல், இரண்டும் தெரியும். இரண்டையும் சொன்னேன். எதுவும் போதவில்லை.

கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார். "இருக்கட்டும் சாஹேப். ஜூலை வரும். மழை வந்தா ஆளும் வரும்."

மறுநாள் சாவியைக் கொடுக்க நிக்டிக்கு நானே போனேன். கதமின் மனைவி தட்டு நிறைய போஹா, அதாவது அவல் உப்புமா, வைத்தார். என்னோடு பேசவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன். இதை எழுதும்போது மழை பிடித்து மூன்று வாரம் ஆகிறது. ஞாயிறுதோறும் அங்கே கார்கள் வருகின்றனவாம். வியாபாரம் இன்னும் முடியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஓடையைத்தான் பார்க்கிறார்கள் என்று கதம் சொன்னார்.

கொஞ்சம் இடது பக்கம்

ஔந்துக்குத் திரும்பிய மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார்பென்டர் வந்துவிட்டார். சமையலறையில் தட்டுகள் அளந்து முடித்ததும், டிரில்லிங் மெஷினோடு ஹாலுக்கு வந்தார். கையில் மாமனார் படம். துணி பிரித்து, துடைத்திருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருப்பதுபோல் பட்டது.

"எங்க சாப்?" என்றார் கார்பென்டர், டிரில்லைச் சுவரில் வைத்துக்கொண்டு.

நான் இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். "கொஞ்சம் இடது பக்கம்."

நகர்த்தினார்.

"கொஞ்சம் மேல. இல்ல, இருங்க. சாயங்காலம் அந்த ஜன்னல் வெளிச்சம் எப்படி விழுதுன்னு ஒரு தடவை பாத்துட்டு..."

செண்பகம் சமையலறையிலிருந்து வந்தாள். கார்பென்டர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"பய்யா, இங்க. அவரைக் கேக்காதீங்க."

டிரில் இரைந்தது. செங்கல் பொடி உதிர்ந்தது. மேல் மாடிக்காரர்கள் முதல்முறையாக எங்களைத் திட்டியிருப்பார்கள். படம் ஏறியது. நான் மறுபடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"லேசா சாஞ்சிருக்கு."

செண்பகம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும். இங்கதானே இருக்கப்போறோம். ஒருநா நிமித்திக்கிடலாம்."